கட்டாயக் கல்வியும் வணிகக் கல்வியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று மாலை இவ்வவையின்முன் ஒரு தீர்மானம் வரவிருக்கின்றது. நம் சங்கத்தின் கல்வி நிதியினின்றும் ஆண்டுதோறும் கிடைக்கும் வட்டி முழுவதையும், மேலாண்மைக் கல்லூரிகளில் வணிகக் கல்வி பயிலச் செல்லும் நம் இளைஞர்க்கு உதவித்தொகையாக வழங்கலாம் என்பது அத்தீர்மானம். அதனைக் கொணர்ந்த அன்பர்களின் நோக்கம் நல்லதே; அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் தீர்மானத்தின்மேல் கைதூக்குமுன், கட்டாய இலவசக் கல்வி என்பது யாது, அஃது எவ்வாறு வந்தது, நம் சேலம் நாமக்கல் சமவெளியில் அது எங்கே தடைப்பட்டு நிற்கின்றது என்பவற்றைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும் என்று கருதியே, செயலாளர் அவர்களின் இசைவு பெற்று ஈண்டு நிற்கின்றேன்.

கல்வி அரசியலின் பாற்பட்டது

திருக்குறளில் கல்வி என்னும் அதிகாரம் எவ்விடத்தில் இருக்கின்றது என்று மாணவரைக் கேட்டால், பலர் அறத்துப்பாலில் என்பர். அன்று. அது பொருட்பாலில், அரசியல் என்னும் பகுதியில், இறைமாட்சியை அடுத்து 40ஆம் அதிகாரமாக அமைந்துள்ளது. அதனை அடுத்துக் கல்லாமை 41ஆம் அதிகாரம். ஆளுகின்றவனுக்குரிய இயல்புகளைச் சொல்லப் புகுந்தவிடத்துக் கல்வியை வைத்தார் ஆசிரியர். அக்காலத்தில் ஆள்பவன் ஒருவன். இக்காலத்திலோ பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவர் கையிலும் வாக்குச்சீட்டு இருக்கின்றது. ஆள்வோர் பல கோடியர். அரசனுக்குக் கல்வி இன்றியமையாதது எனில், எல்லோரும் அரசராகிய நாட்டில் எல்லோர்க்கும் கல்வி இன்றியமையாதது என்பது தானே போதரும். கட்டாயக் கல்வியின் அடிப்படை நியாயம் இதுவே.

வந்த வழி

பழங்காலத்தில் நம் ஊர்களில் கல்வி இல்லாமலில்லை. திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மணலில் எழுதிப் பழகி, எண்சுவடியை மனப்பாடம் செய்து, முந்திரி, காணி, மா என்னும் சிற்றளவைகளை நாவின் நுனியில் வைத்திருந்தனர் நம் பாட்டனார். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு; காணி 80இல் ஒரு பங்கு; மா 20இல் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய கணக்கைப் பத்து வயதுச் சிறுவன் தாளும் எழுதுகோலும் இன்றிச் சொன்னான் என்றால், அஃது உயர்ந்த வணிகக் கல்வியே என்பதில் ஐயமில்லை.

ஆனால் அக்கல்வி எத்தனை பேர்க்குக் கிட்டியது? சென்னை மாகாண ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டுப் பள்ளிகளின் கணக்கெடுத்தார். 1826ஆம் ஆண்டில் முடிந்த அக்கணக்கின்படி, மாகாணம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும், ஏறக்குறைய 1 லட்சத்து 88 ஆயிரம் மாணாக்கரும் இருந்தனர். மக்கள்தொகையோ 1 கோடியே 28 லட்சத்துக்கு மேல். ஏறத்தாழ 67 பேர்க்கு ஒருவரே பள்ளியில் இருந்தார் என்பது மன்றோவின் கணிப்பு. பெண்மக்கள் மிகச் சிலரே. திண்ணைப் பள்ளியைப் புகழும்போது அத்திண்ணையில் ஏற இடம் பெறாத மற்ற அறுபத்தாறு பேரையும் நாம் மறத்தலாகாது.

எல்லோர்க்கும் கல்வி என்று சட்டம் செய்த பெருமை இந்திய மன்னருள் பரோடா அரசர் சாயாஜிராவ் கெய்க்வாட் அவர்களைச் சாரும். 1906ஆம் ஆண்டில் தம் நாடு முழுவதும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கினார். அதனைக் கண்டு, கோபால கிருஷ்ண கோகலே 1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆங்கில அரசின் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர்க்கு, அதுவும் உள்ளாட்சி மன்றங்கள் விரும்பிய இடங்களில் மட்டும், கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பதே அவர் கேட்டது. இவ்வளவு சிறிய வேண்டுகோளும் 1912ஆம் ஆண்டில் 38க்கு 13 என்னும் வாக்கில் தோற்றது. அரசாங்கம் பணமில்லை என்றது. பெருநிலக்கிழார் பலரோ, பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டால் வயலில் வேலை செய்பவர் யார் என்று அஞ்சினர். இவ்வச்சத்தை அன்பர்கள் நினைவில் வைக்குமாறு வேண்டுகின்றேன். பின்னர் இதனிடம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

1920ஆம் ஆண்டுச் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சி மன்றங்கட்குக் கல்வி வரி விதிக்கவும், அரசின் ஒப்புதலுடன் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் இடந்தந்தது. நாடு விடுதலை பெற்றபின் 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகட்கும் பத்தாண்டுகளுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயலவேண்டும் என்று 45ஆம் பிரிவில் கூறிற்று. பத்தாண்டு 1960இல் முடிந்தது, சொன்னது முடியவில்லை. 2002ஆம் ஆண்டில்தான் அரசியலமைப்பின் 86ஆம் திருத்தத்தால் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. அதற்கென 2009ஆம் ஆண்டில் சட்டம் செய்து, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைப்படுத்தினர். பத்தாண்டில் முடிப்போம் என்ற செயலுக்கு அறுபதாண்டு சென்றது.

சோறும் பள்ளியும்

இவ்வகையில் நம் தமிழ்நாடு சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை என்பது பெருமைக்குரியது. 1920ஆம் ஆண்டளவிலேயே, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் காலத்தில், சென்னை மாநகராட்சி தன் பள்ளியொன்றில் மதிய உணவளித்தது. இளமையிலேயே பள்ளிப் படிப்பை விட நேர்ந்த காமராசர் முதலமைச்சராகி, 1956ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டத்தை மாநிலத்துக்கு விரித்தார். 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாகப் பெருக்கினார். பின்வந்த ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில் காலைச் சிற்றுண்டித் திட்டம் தொடங்கி, மறு ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவிற்று. கட்சிகள் மாறின, உலை அணையவில்லை.

இதில் நம் வட்டாரத்துக்கு ஒரு தனித் தொடர்பு உண்டு. சத்துணவு உண்ணும் பிள்ளையின் தட்டில் வாரத்துக்கு ஐந்து நாள் விழும் முட்டை பெரும்பாலும் நாமக்கல் கோழிப்பண்ணைகளில் இட்டதே. அப்பிள்ளை உடுத்தும் விலையில்லாச் சீருடையின் துணியோ, கூட்டுறவுச் சங்கங்களின் வழியே விசைத்தறிகளில் நெய்தது. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை சேர்ந்தால் நம் பண்ணைக்கும் தறிக்கும் ஒரு வாடிக்கையாளர் சேர்ந்தவாறாயிற்று. இலவசக் கல்வி நமக்குச் செலவு, வணிகம் நமக்கு வரவு என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

கட்டாயம் யாருக்கு?

அன்பர்களே! "கட்டாயம்" என்னும் சொல்லைக் கேட்டவுடன், பிள்ளையை அனுப்பாத தந்தையைக் காவலர் பிடித்துச் செல்வர் என்று சிலர் எண்ணுகின்றனர். 2009ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. பள்ளி அமைத்தல், சேர்த்தல், நாள்தோறும் வரச் செய்தல், எட்டாம் வகுப்பு முடிக்கச் செய்தல் ஆகிய கடமைகளே அச்சட்டத்தில் கட்டாயம் என்பதன் பொருள். அக்கட்டாயம் அரசாங்கத்தின்மேலும் உள்ளாட்சியின்மேலும் சுமத்தப்பட்டுள்ளது. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றும் ஒரு பிரிவு உண்டு. அதற்குத் தண்டனை இல்லை.

இச்சட்டத்தில் நம்மவர் பலர் அறியாத சிலவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன். பிறப்புச் சான்றில்லை, மாற்றுச் சான்றிதழில்லை என்று கூறி எப்பிள்ளையையும் திருப்பியனுப்பலாகாது. இடையில் நின்ற பிள்ளையை வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்துத் தனிப்பயிற்சி தரல் வேண்டும். சிறுபான்மையினர் நடத்துவன நீங்கலாக ஏனைத் தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்தோர்க்கும் பின்தங்கியோர்க்கும் ஒதுக்கவேண்டும். அவர்களுக்கான கட்டணத்தை அரசு தரும். நலிந்தோர் என்பதற்கு நம் மாநிலத்தில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவு என்பது வரம்பு. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும்.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது, பணம் வேண்டும் என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. மத்திய அரசின் பள்ளித் திட்டம் ஒன்றில் தமிழ்நாடு கையொப்பமிடவில்லை என்னும் காரணத்தால், 2024-25ஆம் ஆண்டுக்குரிய ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதி இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நின்றுபோயிற்று. அவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது அரசியல்வாணர் வாதிக்கத் தக்கது. நான் காண்பது வேறொன்று. அந்த 25 விழுக்காட்டு இடங்கட்கு மே மாதத்தில் தொடங்கவேண்டிய சேர்க்கை, 2025ஆம் ஆண்டில் அக்டோபரில்தான் தொடங்கிற்று. இரு அரசுகள் வழக்காடிய காலமெல்லாம் சேர்க்கைக்குக் காத்திருந்தது ஏழைப் பிள்ளை.

நம் சமவெளியின் தடைகள்

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நான் இருபதாண்டுகட்கு மேலாக வகுப்பறையில் நிற்பவன். எட்டாம் வகுப்பு வரை வருகைப் பதிவேட்டில் நின்ற பெயர், ஒன்பதாம் வகுப்பில் தீபாவளி விடுமுறைக்குப்பின் சில நாள் தவறும், பொங்கலுக்குப்பின் பல நாள் தவறும், பிறகு வாராது. சட்டத்தின் கட்டாயம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகின்றது. அந்த வாயிலின் வெளியே பிள்ளைக்காகக் காத்திருப்பது எது?

பள்ளிப்பாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறிக் கூடங்களை அறியாதார் இங்கில்லை. முன்பணம் என்னும் வழக்கத்தையும் அறிவீர்கள். திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ ஒரு குடும்பம் முதலாளியிடம் பெற்ற முன்பணம், வாரக் கூலியில் கழியாமல் நின்று, ஆண்டுதோறும் வளர்கின்றது. தந்தையின் கை தளர்ந்தால் மகனின் கை தேவைப்படுகின்றது. யாரும் பிள்ளையை அடித்து இழுத்து வருவதில்லை; கணக்கே இழுத்து வருகின்றது. கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது என்பது உண்மை. ஆயினும், கடன்பட்டவன் வேறிடம் செல்லவியலாது என்னும் நிலை எங்கிருக்கின்றதோ அங்கெல்லாம் அச்சட்டம் இன்னும் வேலையற்றுப் போகவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஓட்டையையும் காட்டவேண்டும். 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று தடுத்தது, நன்று. ஆனால் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில், விடுமுறை நாளில், தன் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கும் வைத்தது. தறி வீட்டுக்குள் இருக்கும் ஊரில், வெள்ளிக் கொலுசுக்குப் பற்றவைக்கும் பட்டறை திண்ணையில் இருக்கும் தெருவில், உதவி எங்கே முடிந்து வேலை எங்கே தொடங்குகின்றது என்பதை எந்த அதிகாரி அளந்து சொல்வார்? இரவு பதினொரு மணி வரை உதவிய பிள்ளை காலையில் என் வகுப்பில் உறங்குகின்றான். அவனை எழுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

பெற்றோர் தொழிலைப் பிள்ளை கற்பது தவறோ என்று மூத்தோர் கேட்கலாம். இவ்வினா நம் மண்ணுக்குப் புதிதன்று. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் விளங்கி, 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்ட இராஜாஜி அவர்கள், முதலமைச்சராயிருந்தபோது 1953ஆம் ஆண்டில் ஒரு திட்டம் கொணர்ந்தார். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம். எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகல். இருக்கும் ஆசிரியரையும் கட்டடத்தையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகட்குக் கற்பிக்கலாம் என்பது அவர் கருத்து. குலத்தொழிலில் குழந்தையைக் கட்டிவைக்கும் ஏற்பாடு என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. பெரியோர் ஒருவரின் நல்லெண்ணத்தில் குறை காண்பது என் கருத்தன்று. தொழிலைப் பழகுவதும் இழிவன்று. ஆனால் உழவன் மகனும் நெசவாளி மகனும் பாதி நாள் தொழில் பழகும்போது, வழக்கறிஞர் மகன் முழுநாளும் படித்துக்கொண்டிருப்பான். முப்பது ஆண்டுக்குப்பின் யார் யாருக்குக் கீழ்ப்படிவர் என்பது எண்சுவடி இல்லாமலே தெரியும் கணக்கு. குலத்தின் பேரால் சங்கம் வைத்திருக்கும் நாம், குலம் பிள்ளையின் காலுக்கு விலங்காகாமல் காப்பதற்கு முற்பட்டு நிற்றல் வேண்டும்.

பெண்மக்களைப் பற்றியும் ஒரு சொல். பிறந்த பெண் சிசுவுக்கு நேர்ந்த கொடுமையைத் தடுக்க 1992ஆம் ஆண்டில் அரசு தொட்டில் வைத்த முதல் மாவட்டம் நம் சேலமே. அது நமக்குத் தலைகுனிவு. அத்தலைமுறைக்குப் பின் வந்த பெண்களுக்கு, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்வோர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022ஆம் ஆண்டில் வந்தது. தொட்டிலில் இடக் கருதிய பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பும் காலம் வந்திருக்கின்றது. பத்தாம் வகுப்பிலேயே அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீடு இனியும் நம்மில் இருந்தால், அவ்வீட்டாருக்கு எடுத்துரைப்பது சங்கத்தின் வேலை.

அறுபத்தொன்றாம் பிள்ளை

செங்கற் சூளைகளிலும் கோழிப்பண்ணைகளிலும் தறிக்கூடங்களிலும் இன்று வேலை செய்வோருள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களினின்றும் வந்தோர் பலர். குடும்பத்தோடு வந்தவர்தம் பிள்ளைகள் பண்ணைக்குள்ளேயே வளர்கின்றனர். புலம்பெயர்ந்து வந்தோர் குழந்தைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று சட்டம் பெயர் சொல்லியே கூறுகின்றது. "நம் சங்கத்துக்கும் அவர்க்கும் என்ன தொடர்பு?" என்பீராயின், சட்டத்தின் அட்டவணையைக் காட்டுகின்றேன். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். உங்கள் ஊர்ப் பள்ளியில் 60 பிள்ளைகள் இருக்கின்றனர் என்று கொள்வோம். ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர் நடத்துகின்றனர். சூளையில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையை நீங்கள் கைபிடித்து அழைத்துவந்து சேர்த்தால், அவள் அறுபத்தொன்றாம் பிள்ளை. அவள் பொருட்டு மூன்றாம் ஆசிரியர் வரவேண்டும். அவர் உங்கள் பேரனுக்கும் பாடஞ் சொல்வார்.

நம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிட்டோம், ஊர்ப்பள்ளி எக்கேடு கெட்டால் என்ன என்பாரும் உளர். நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் விடுதிப் பள்ளிகள் மதிப்பெண்ணால் புகழ் பெற்றன; பிற மாவட்டப் பெற்றோரும் பிள்ளைகளைக் கொணர்ந்து விட்டனர். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் ஓதுவிக்கும் வழக்கம் பரவியதனால், அரசு 2017ஆம் ஆண்டில் மாநில முதலிடப் பட்டியலை நிறுத்திப் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தது. அத்தேர்வும் 2025-26ஆம் கல்வியாண்டு முதல் நீங்கிவிட்டது. முறைகள் மாறும். ஊர்ப்பள்ளி மூடினால் மீண்டும் திறவாது.

மற்றொன்றும் கூசாமல் சொல்லவேண்டும். சத்துணவு சமைப்பவர் எக்குலத்தவர் என்று கேட்டு, அவர் ஆக்கிய சோற்றை உண்ணலாகாது என்று பிள்ளையைத் தடுத்த செய்திகள் நம் கொங்கு வட்டாரத்திலும் வந்துள்ளன. அவ்வாறு தடுப்பவர் நம்மவராயின், அவரை நம்மவர் என்று சொல்ல நான் நாணுவேன். ஒரே பந்தியில் உண்டு ஒரே பலகையில் அமர்ந்து பயின்றாலன்றிக் கட்டாயக் கல்வி பாதிக் கல்வியே.

வணிகக் கல்லூரியும் நம் தொழிலும்

நிற்க. இனி மாலைத் தீர்மானத்துக்கு வருகின்றேன். மேலாண்மைக் கல்விக்கென அரசு செய்தது சிறிதன்று. 1961ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மை நிறுவனங்கள் தோன்றின. 2011ஆம் ஆண்டில் நம் அண்டையிலுள்ள திருச்சிராப்பள்ளியில் ஒன்று அமைந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நிறுவனங்கள் தாமே பட்டம் வழங்கும் உரிமையும் ஆராய்ச்சிப் பட்டம் தரும் உரிமையும் பெற்றன. கல்லூரிகளைத் தரவரிசைப்படுத்தும் தேசியக் கட்டமைப்பில், மேலாண்மைக் கல்லூரிக்கு ஆராய்ச்சியும் தொழில்சார் பணியும் பற்றி நூற்றில் முப்பது பங்கு மதிப்பெண் உண்டு. ஆகவே ஒவ்வொரு கல்லூரியும் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட விரைகின்றது.

அக்கட்டுரையின் மதிப்பு எவ்வாறு அளக்கப்படுகின்றது? எத்தனை கட்டுரை, எந்த இதழில் வந்தது, எத்தனை பேர் அதனை எடுத்தாண்டனர் என்னும் எண்ணிக்கையால். அவ்விதழ்களுள் பெருமதிப்புடையன பெரும்பாலும் மேல்நாட்டவை. அதனால் ஆராய்வோன் மேல்நாட்டு வாசகன் விரும்பும் பொருளையே நாடுதல் இயல்பு. கோழிமுட்டையின் விலை அன்றன்று எவ்வாறு அமைகின்றது, அவ்விலை வீழும் நாளில் சிறு பண்ணையாளன் எவ்வாறு பிழைக்கின்றான் என்பதை யார் ஆராய்வர்? திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டிகள் இந்தியா முழுதும் சென்று கிணறு தோண்டுகின்றனவே, அத்தொழில் எவ்வாறு வளர்ந்தது? 1981ஆம் ஆண்டில் சேலத்தில் சவ்வரிசி உற்பத்தியாளர் கூடி அமைத்த சேகோசர்வ் கூட்டுறவு எதில் வென்றது, எதில் தளர்ந்தது? நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் கலை எழுத்தில் இல்லாமல் கைவழியே வந்தது எவ்வாறு? இவையெல்லாம் உலகத்தார்க்கும் பயன்படும் ஆராய்ச்சிப் பொருள்கள். தரவரிசையின் அளவுகோலில் இவற்றுக்குத் தனி மதிப்பில்லை. அரசு இந்த அளவுகோலை மாற்றி, வட்டாரத் தொழில்கட்குப் பயன்பட்ட ஆராய்ச்சிக்கும் மதிப்பெண் தரவேண்டும் என்பது என் கருத்து.

ஆயினும் அரசு அளவுகோலை மாற்றினாலும் ஓர் இடர்ப்பாடு நிற்கும். ஆராய்வோன் தறிக்கூடத்துக்கு வந்து, எத்தனை நூல் அறுந்தது, எத்தனை மணி மின்சாரம் நின்றது, கூலியில் முன்பணத்துக்குக் கழித்தது எவ்வளவு என்று கேட்டால், சொல்ல ஆள் உண்டு. எழுதிவைத்த ஏடு இல்லை. ஏனெனில் தறியில் நிற்பவன் ஒன்பதாம் வகுப்பில் நின்றவன். உயர்ந்த ஆராய்ச்சிக்குச் செய்தி தரவேண்டியவன் தொடக்கக் கல்வி பெற்ற தொழிலாளியே. அவன் எழுதாதவரை மேலே எழுதுவோர் ஊகத்தையே எழுதுவர்.

நம் தந்தையர் எட்டாம் வகுப்போடு நின்றே பெருவணிகம் செய்தனர் என்பீர்கள். உண்மை. அக்காலத்து வணிகம் முகம் பார்த்து, வாக்கு நம்பி நடந்தது. 2017ஆம் ஆண்டு சூலை முதல் சரக்கு சேவை வரி வந்தது. மறு ஆண்டில் லாரியில் சரக்கேற்ற மின்வழிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. இன்று வரிப் பதிவு பெற்ற சிறு வணிகனும் குறித்த காலந்தோறும் கணினியில் கணக்குக் காட்டவேண்டும். படியாத வணிகன் படித்தவன் ஒருவனுக்குக் கைநாட்டு வைக்கின்றான், முற்காலத்துக் கைநாட்டு மையில் இருந்தது, இக்காலத்தது கடவுச்சொல்லில் இருக்கின்றது, வேறுபாடு அவ்வளவே.

என் வேண்டுகோள்

ஆதலின், மாலைத் தீர்மானத்தைத் தள்ளும்படி நான் கேட்கவில்லை, திருத்தும்படி கேட்கின்றேன்.

முதலாவது, கல்வி நிதியின் வட்டியில் மூன்றில் இரண்டு பங்கு, சட்டத்தின் கை எட்டாத பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகட்குச் செல்லட்டும். முன்பணத்தால் பிள்ளையின் படிப்பு நிற்கும் நிலையிலுள்ள குடும்பத்துக்கு அதிலிருந்து வட்டியில்லாக் கடன் தரலாம். அக்குடும்பம் எக்குலத்ததாயினும் ஆகுக. நம் உறுப்பினரின் கூடத்திலோ பண்ணையிலோ வேலை செய்வதாயின் அது நம் பொறுப்பே.

இரண்டாவது, தறியும் சூளையும் பண்ணையும் உடைய உறுப்பினர், எந்த முன்பணத்திலும் பிள்ளையின் உழைப்பைக் கணக்கிடுவதில்லை என்று இவ்வவையில் எழுந்து உறுதி கூறட்டும். தம்மிடம் தங்கியுள்ள வெளிமாநிலத்தார் பிள்ளைகளை வரும் சூன் மாதத்தில் தாமே அழைத்துச் சென்று பள்ளியில் சேர்க்கட்டும். ஊர்ப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார் சென்று அமரட்டும்.

மூன்றாவது, எஞ்சிய ஒரு பங்கு வணிகக் கல்விக்கே ஆகுக. ஆனால் உதவி பெறும் இளைஞன், படிப்பு முடியுமுன் நம் சமவெளியின் தொழில் ஒன்றை நேரிற் சென்று ஆராய்ந்து, கண்டதைத் தமிழில் எழுதி, இம்மாத இதழில் வெளியிடவேண்டும் என்னும் ஒரு விதியை வைப்போம். வேறு எந்த இதழிலும் வாராவிடினும், தறிக்காரரும் பண்ணைக்காரரும் படிக்கும் இதழில் அது வந்ததாகட்டும்.

1912ஆம் ஆண்டில் கோகலேயின் மசோதாவைத் தோற்கடித்தோர் கொடியவரல்லர். வயலில் ஆள் குறையுமே என்று அஞ்சியவர். அவ்வச்சம் இன்று நம் தறிக்கூடத்தின் வாயிலில் வந்து நிற்கின்றது. அன்று கையெழுத்தும் வாக்கும் அவரிடம் இருந்தன. இன்று நம்மிடம் இருக்கின்றன. மாலையில் கைதூக்குமுன் அந்தப் பதின்மூன்று பேரோடு நிற்பதா, முப்பத்தெட்டுப் பேரோடு நிற்பதா என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வீராக.